பில்லில் பேர் இல்லாதவர்கள்

அலுவலகத்தில் நாம் அத்தனை பேரும் சாப்பாட்டு விமர்சகர்கள். கணினியைத் திறந்து கடவுச்சொல் போடுவதற்குள் ‘இன்னைக்கு என்ன கொண்டாந்திருக்கே?’ வந்துவிடும். பதினோரு மணிக்கு டீ, நாலு மணிக்கு இன்னொரு டீ, இடையில் ஊருக்குப் போய்வந்தவர் மேசைமேல் திறந்துவைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அல்லது தூத்துக்குடி மக்ரூன். பிரியாணிக்குச் சீரக சம்பாவா பாசுமதியா என்று ஒரு மதியம் முழுவதும் வாதாடத் தெரியும் நமக்கு. லட்சக்கணக்கான ரூபாய்ச் செலவுக்குப் பத்து நிமிடத்தில் தலையாட்டுகிற நாம், டீம் லஞ்சுக்கு எந்த ஓட்டல் என்பதை வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புக்கு விட்டு, முடிவு பிடிக்காமல் மறுவாக்கெடுப்பும் நடத்துவோம். கடைசியில் வழக்கமாகப் போகிற இடத்துக்கே போவோம்.

இவ்வளவு பேசுகிற கூட்டம் சாப்பாட்டை மதிக்கிற கூட்டமாகத்தான் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். கிடையாது. நாக்கு என்ன கேட்கிறது என்பதைத் தவிர வேறொன்றையும் நாம் கவனித்ததில்லை. சாப்பிடுகிற நேரத்தைக் கோட்டை விட்டோம். சமைத்தவர், கலக்கிக் கொடுத்தவர், பரிமாறியவர், மழையில் நனைந்தபடி கொண்டுவந்தவர் என ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நம் மீதான குற்றப்பத்திரிகையை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எழுதவேண்டியவர்களுக்கு நேரமில்லை, அவர்கள் நம் டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். சென்னை மாகாணக் காலத்தில், 1947-ல், கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் என்று ஒரு சட்டம் வந்தது. பெயரில் சென்னை போய்த் தமிழ்நாடு வந்ததே தவிர, நம்முடைய தனியார் அலுவலகங்களுக்கு அதுதான் இன்றும் சட்டம். ஒருவரிடம் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும் என்கிறது அது. கால் மணி, அரை மணி இல்லை. முழுதாக ஒரு மணி. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு, நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வரும் மனிதன் மனதில் இருந்திருப்பான். நம்மை அவர்கள் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை.

அந்த ஒரு மணியை நம் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. நாமே தாரை வார்த்தோம். ஒரு மணிக்கு மீட்டிங் என்று அழைப்பு வந்தால் ‘அது சாப்பாட்டு நேரம் சார்’ என்று சொல்ல வாய் வராது. ஏற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்திவிட்டு டப்பாவோடு திரைமுன் உட்காருவோம். மைக்கை அணைத்துவிட்டு ஒரு வாய், பேரைக் கூப்பிட்டால் அவசரமாக விழுங்கிவிட்டு ஒரு ‘யெஸ் யெஸ்’. நெட் மெதுவாக இருக்கிறது, அதனால் கேமராவைப் போடவில்லை என்போம். உண்மையில் கையில் முருங்கைக்காய் இருக்கும். விசைப்பலகையின் இடுக்கில் சிக்கியிருக்கும் கடுகைக் கொண்டே அந்தக் காலாண்டில் எத்தனை அவசர வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இதைக்கூட மன்னிக்கலாம். ‘இன்னைக்கு மூன்றரைக்குத்தான் சாப்பிட்டேன்’ என்பதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறோமே, அதற்கு மன்னிப்பே கிடையாது. ஒருவர் மூன்றரை என்றால் அடுத்தவர் நாலு என்பார். சாப்பிடவே இல்லை என்று சொல்பவர் அன்றைய வெற்றியாளர். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் சட்டப்படி, பசிப்படி, ஒரு மணிக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அவன் முதுகை ஒரு பார்வை பார்க்கிறோம். அந்தப் பார்வையே போதும். மறுவாரம் அவனும் கையில் முருங்கைக்காயோடு மீட்டிங்கில் இருப்பான். ‘லஞ்ச் முடிஞ்சு வாங்க’ என்று சொல்லும் அரசு அலுவலகத்து ஊழியரைக் கேலி செய்து காலமெல்லாம் நகைச்சுவைத் துணுக்கு எழுதியவர்கள் நாம்தான். அவர் பாட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டார், நமக்குப் பொறாமை.

ஆலைத் தொழிலாளர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவர்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்தியாக வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் இடம் கொடுத்தது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று கேட்க அவர்களுக்கு ஒரு குழுவும் கூட்டக் குறிப்பும் இருந்தன. கண்ணாடிக் கட்டடத்துக்குள் போன நாம் கேட்டுப் பெற்றது சாப்பாட்டு அட்டை. அதிலும் நம் கவலையெல்லாம் வருமான வரியில் அது எவ்வளவு கழியும் என்பதுதான். வேளைக்கு 50 ரூபாய்வரை வரி இல்லை என்பது நீண்ட காலம் விதியாக இருந்தது. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டு எந்த ஓட்டலில் எதைச் சாப்பிட முடியும் என்று நாம் கேட்கவில்லை, படிவம் நிரப்பினோம்.

வீட்டிலிருந்து வருகிற டப்பாவுக்கு வருவோம். மூடியைத் திறந்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ‘இன்னைக்கும் எலுமிச்சைச் சாதமா’ என்று நாலு பேர் கேட்கச் சலித்துக்கொள்கிறோம். ஐந்து மணிக்கு எழுந்து அந்தச் சாதத்தை வடித்து, ஆற வைத்து, தாளித்துக் கொட்டிய ஆள் அங்கே இல்லை என்கிற தைரியம். சென்னைத் தண்ணீர் வராத நாளில், கேஸ் தீர்ந்துபோன நாளில், குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட டப்பா வந்திருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறோமா? மாலையில் அதைக் கழுவாமல் பையில் போட்டு எடுத்துப் போகிறோம். வெள்ளிக்கிழமை டப்பாவை ஞாயிறு இரவில் பையிலிருந்து கண்டெடுத்துத் திறந்தவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் நம் சுயவிமர்சனம் இன்னும் நீளும்.

பெண்கள் உட்காரும் மேசையைப் பார்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். அங்கே இருப்பவர்களில் பலர் வீட்டில் மூன்று நாலு டப்பா கட்டிவிட்டு, மிச்சத்தைத் தங்களுக்குப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். அப்படியும் பக்கத்தில் இருப்பவருக்கு என்று ஒரு கரண்டி பொரியல் கூடுதலாக இருக்கும். ஆண்கள் மேசையில் ‘இன்னைக்கு வீட்ல வத்தக்குழம்பு, சூப்பர்’ என்று பெருமை பேசுகிறவர், தன் கையால் ஒருநாள் அப்பளம் பொரித்திருப்பாரா என்பது சந்தேகம். தன் டப்பாவே இல்லாமல், கையில் ஒரு ஸ்பூனோடு மட்டும் மேசைமேசையாக வலம்வருபவர் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவரை விட்டுவிடலாம். அவர் ஒருவர்தான் எதையும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார்.

இன்னொரு மறதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மும்பையின் டப்பாவாலாக்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். 1890-ல் தொடங்கியது, டப்பாவின் மேல் நிறத்தில் குறியீடு, மேலாண்மைப் பள்ளிகளில் பாடம் என்று பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம் சென்னையிலும் வீடுவீடாகக் கேரியர் வாங்கி, கூடையில் அடுக்கி, வெயிலில் சுமந்து அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கொண்டுவந்து கொடுத்த பெண்கள் இருந்தார்கள். சிலர் பள்ளி வாசலில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிவிட்டுக் கேரியரைத் திரும்பக் கொண்டுபோனதும் உண்டு. அந்தக் கூடைக்கார அம்மாக்களுக்கு நாம் ஒரு பாடமும் எழுதவில்லை, ஒரு படமும் போட்டுக் காட்டவில்லை.

இப்போது பேன்ட்ரி. இங்கேதான் நம் பாவம் குவிந்து கிடக்கிறது.

பொத்தானை அழுத்தினால் பால்பொடியும் சர்க்கரையும் கலந்து கொட்டுகிற இயந்திரத்தை நாம் எவ்வளவு திட்டியிருக்கிறோம்! டீயை அழுத்தினாலும் காபியை அழுத்தினாலும் ஒரே நிறத்தில் ஏதோ வருகிறது, டிகாக்ஷன் என்றால் என்னவென்று இதற்குத் தெரியுமா, டபரா இல்லாமல் காபியா என்று வசைபாடுவதில் நமக்கு இணை இல்லை. இதைச் சாக்காக வைத்துத்தான் கீழே டீக்கடைக்கு இறங்குகிறோம். ஆபீஸ் அரசியலில் பாதி அந்த பெஞ்சில்தான் நடக்கிறது. யாருக்கு இன்க்ரிமென்ட், யார் பேப்பர் போட்டுவிட்டார், எந்த மேனேஜர் எந்த மேனேஜரோடு பேசுவதில்லை என எல்லாவற்றையும் மாஸ்டர் கேட்டிருக்கிறார். ஸ்ட்ராங், மீடியம், சர்க்கரை கம்மி என்று அவரவர் அளவு அவருக்கு மனப்பாடம். ‘மாஸ்டர், வழக்கம்போல’ என்றால் போதும். மாஸ்டருக்கு எந்த ஊர், நாள் முழுக்க அந்த பாய்லரின் அனலில் நின்றவர் எப்போது உட்காருவார், இது நமக்குத் தெரியாது. மெட்ரோ வேலைக்காகவோ நடைபாதை அகலப்படுத்தவோ அந்தக் கடையை அப்புறப்படுத்தினால், இரண்டு நாள் ‘ச்சே’ என்போம். மூன்றாம் நாள் அடுத்த தெருவில் வேறொரு கடை கண்டுபிடித்துவிடுவோம்.

மேலே பேன்ட்ரியில் ஒரு அக்கா இருப்பார். இயந்திரத்தில் பால் நிரப்புவது, மேசை துடைப்பது, நாம் சிங்க்கில் போட்டுவிட்டுப் போன டப்பா மூடியை எடுத்து ஓரமாக வைப்பது, மீட்டிங் அறைக்குப் பிஸ்கட் தட்டு கொண்டுபோவது எல்லாம் அவர்தான். வேலை நம் அலுவலகத்தில். சம்பளம் ஏதோ ஒரு ஒப்பந்த நிறுவனத்தில். ஆகவே தீபாவளிப் பரிசுப் பட்டியலில் அவர் பேர் வராது. பிறந்தநாள் கேக்கை வெட்டும்போது அவர் கத்தியும் தட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பார். பாட்டுப் பாடி, படம் எடுத்து, முகத்தில் கிரீம் பூசி முடித்த பிறகு, மிச்சம் இருந்தால், ‘அக்கா, நீங்களும் எடுத்துக்கோங்க’. பெரும்பாலும் கரைந்துபோன ஓரத் துண்டு. அதையும் அவர் டிஷ்யூவில் சுற்றி எடுத்துப்போவார், வீட்டில் பேரன் இருப்பான்.

அவர் எதில் டீ குடிக்கிறார் என்று கவனித்திருக்கிறோமா? பல அலுவலகங்களில் ஊழியருக்குப் பீங்கான் கோப்பை. ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் காவலாளிக்கும் பேப்பர் கப். யாரும் இப்படி விதி எழுதவில்லை. எழுதாமலே நடக்கிறது. மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில், நின்றபடி அவர்கள் குடிக்கிறார்கள். அந்தப் பக்கம் செல்போன் பேசப் போன நாம் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருக்கிறோம். 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய மறியலில், மாதக்கணக்கில், நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை என்று செய்தி வந்தால் நாம் கொதித்துப்போய்ப் பதிவு போடுகிறோம். பதிவு போட்ட விரல் ஈரம் காயாமல் நம் பேன்ட்ரி அலமாரியைத் திறந்து பார்க்கலாம். இரண்டு தட்டில் இரண்டு விதக் கோப்பை இருக்கும்.

அந்தப் பேப்பர் கப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. நமக்கும் தெரியும், ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அலுவலகத்தில் உறுதிமொழிகூட எடுத்திருப்போம். சூடான பானத்தை 15 நிமிடம் அதில் வைத்தால் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இறங்குகின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் சொன்னார்கள். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் முன்னனுப்பியபோது நம் இன்னொரு கையில் இருந்தது என்ன என்று சொல்ல வேண்டுமா?

மைக்ரோவேவ் பக்கம் போனால் இன்னொரு கதை. மீன் குழம்பைச் சூடு பண்ணியவருக்கு, பேர் குறிப்பிடாமல், எல்லோருக்கும் போகிற ஒரு மின்னஞ்சல்: ‘சக ஊழியர்களின் வசதியைக் கருத்தில் கொண்டு…’ 2014-ல் சென்னையின் பெரிய பத்திரிகை அலுவலகம் ஒன்றில், கேன்டீனுக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டி, ஊரே அதைப் பற்றிப் பேசியது. நம் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டவில்லை, அதனால் நாம் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டோம். கருவாடு கொண்டுவர ஆசைப்பட்டவர் தானாகவே கொண்டுவராமல் இருந்துவிட்டார். மாலையில் அதே மேசைக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து நெத்திலி வறுவல் சாப்பிட வெளியே போனோம்.

வெளியே போவது என்றதும் நமக்குப் பழைய நினைவு வந்துவிடும். கதீட்ரல் சாலையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைப் பற்றி உருகாத சென்னைவாசி உண்டா? 1962-ல் திறந்து 2008-ல் மூடினார்கள். கதை விவாதம் செய்த சினிமாக்காரர்கள், மாதிரி மருந்துப் பையோடு காத்திருந்த மெடிக்கல் ரெப்புகள், வேலைக்கு மட்டம் போட்ட நம் முன்னோடிகள் என்று எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அங்கே உட்கார்ந்த கவிஞர் யார், நடிகர் யார் என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். காருக்குக் கார் தட்டைச் சுமந்து நடந்தவர்கள் 2008-க்குப் பிறகு எங்கே போனார்கள் என்று எழுதியது யார்? காபி ஹவுஸ் கதையும் இதுதான். காபி வாரியம் 1950-களில் தன் காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஏ.கே. கோபாலன் துணையோடு அந்தத் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் கட்டிக் கடையைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் இருப்பது தலைப்பாகை கட்டிய அந்தப் பரிமாறுபவர்களால். நாமோ அங்கே நடந்த இலக்கியச் சண்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இப்போதைய நம் டீம் லஞ்சுக்கு இந்த அழகெல்லாம் கிடையாது. பஃபே. கொடுத்த காசுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் காலை டிபனைத் தவிர்த்துவிட்டு வருவோம். சூப், ஸ்டார்டர், அப்புறம் இன்னொரு சுற்று ஸ்டார்டர். பிரியாணிக்கு வரும்போது வயிற்றில் இடம் இருக்காது, இருந்தாலும் தட்டில் மலைபோல் எடுப்போம். பாதியை அப்படியே விட்டுவிட்டு குல்ஃபி வரிசையில் போய் நிற்போம். அந்த மிச்சத்தை வழித்துக் கொட்டுகிற தம்பி அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவனாக இருப்பான். அவனிடம் நமக்கு இருக்கும் ஒரே பேச்சு, ‘இவனுக்குத் தமிழே புரியல’. ‘நல்லாருக்கா சார், காரம் போதுமா’ என்கிற அளவுக்கு அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் மொழியில் ‘சாப்பிட்டியா’ என்பதற்கு என்ன என்று நாம் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாம் சாப்பிட்டு முடிக்கிற மூன்று மணிக்கும் அவன் சாப்பிட்டிருக்க மாட்டான்.

ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைப் பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நெறிமுறை வெளியிட்டது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நியாயமான விஷயம்தான். நாம் கைதட்டினோம். பில்லில் அந்த வரியைக் கண்டதும் மேனேஜரைக் கூப்பிட்டுச் சட்டம் பேசி அடிக்கவும் வைத்தோம். அப்படி மிச்சமான தொகையில் ஒரு பங்கைப் பரிமாறியவர் கையில் கொடுத்தோமா? செல்போனில் பணம் அனுப்பிப் பழகியதில் சில்லறையே கையில் இல்லாமல் போனது நமக்கு நல்ல வசதி. ‘கேஷ் இல்லையே தம்பி’ என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சோம்பு எடுத்து மென்றபடி வெளியேறுகிறோம். வெளியே வந்து அந்த ஓட்டலுக்கு மூன்று நட்சத்திரம் போடுகிறோம்: ‘சர்வீஸ் ஸ்லோ’.

பானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈ.சி.ஆரில் நடக்கிற மாலை விருந்துகளில் குடிக்காதவருக்கு நாம் இழைத்த அநீதிகள் இரண்டு. ஒன்று, ‘கம்பெனிக்காக ஒரே ஒரு’ என்று அவர் உயிரை எடுத்தது. மற்றது, லைம் சோடா குடித்தவரையும் சேர்த்துப் பில்லைச் சமமாகப் பிரித்தது. அவர் சைடு டிஷ்ஷை வெளுத்து வாங்கிப் பழிதீர்த்துக்கொண்டார், ஆகவே அது நேராகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். நேராகாத ஒன்று உண்டு. விருந்து பதினோரு மணிவரை நீளும்போது கூட வந்த பெண்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று முதலில் கேட்பவர் அநேகமாக அந்த லைம் சோடாக்காரராகத்தான் இருப்பார். மேலே இருப்பவர்கள் அதற்குள் அடுத்த சுற்றுக்குச் சொல்லியிருப்போம்.

வெளியே போகச் சோம்பல் என்றால் செயலியைத் திறக்கிறோம். ஸ்விகி, ஜொமேட்டோ இரண்டும் 2023-ல் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று தளக் கட்டணம் வாங்கத் தொடங்கின. இப்போது அது பத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ரூபாய் ஏறும்போதும் நமக்கு இதயம் வலிக்கிறது, குழுவில் படம் பிடித்துப் போடுகிறோம். அந்தக் கட்டணம் ஏறியதால் கொண்டுவருபவருக்கு ஏதாவது கூடியதா என்ற கேள்வி மட்டும் அந்த உரையாடலில் வருவதே இல்லை. புயல் எச்சரிக்கை வந்து அலுவலகமே வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன நாளில், வேளச்சேரியில் தெரு தெரியாமல் தண்ணீர் நிற்கிற நேரத்தில், மிளகாய் பஜ்ஜி ஆர்டர் செய்திருக்கிறோம். பஜ்ஜி நமத்துப்போய் வந்தது என்று பணம் திரும்பக் கேட்டிருக்கிறோம். அலுவலகக் கட்டடத்தில் அவர்களுக்குத் தனி லிஃப்ட், சில இடங்களில் அதுவும் இல்லை. வாசலிலேயே நிறுத்தி, நாம் மீட்டிங் முடிந்து இறங்கிவரும்வரை வெயிலில் நிற்கவைப்பதும் உண்டு. அவர் போனில் ‘சார், அடுத்த ஆர்டர் இருக்கு சார்’ என்று கெஞ்சுவது நமக்கு எரிச்சலாக இருக்கிறது.

இவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2023-ல் நல வாரியம் அமைத்தார்கள். 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. அரசுக்குக்கூடத் தோன்றியிருக்கிறது. தரைத்தளத்தில் வருகிறவர் உட்கார நாலு சோபாவும் ஒரு தண்ணீர் கேனும் நம் அலுவலகத்திலேயே இருக்கின்றன. அதில் அவரை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்ல நமக்கு எந்த வாரியமும் வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நம் உடம்பையாவது கவனித்தோமா என்றால் அதுவும் இல்லை. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். ஆனால் வண்டி வாங்கினால் ஸ்வீட், வீடு பால் காய்ச்சினால் ஸ்வீட், வேலையை விட்டுப் போனால் பெரிய பெட்டியாக ஸ்வீட். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்காவது டீ, காபி வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேராது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னதை, கை கழுவிய ஈரத்தோடு டீக்கடைக்கு நடந்துகொண்டே படித்தோம்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம், நம்மால் ஆகாது. ஒன்றிலிருந்து இரண்டுவரை மீட்டிங் போடுவதில்லை என்று உங்கள் டீமில் ஒரு முடிவு எடுங்கள். வேண்டுமானால் 1947-ன் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிடுங்கள். அதே சட்டத்தில்தான், வேலை செய்பவர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு திருத்தம் கொண்டுவந்தது. உங்கள் பேன்ட்ரியில் ஒரு நாற்காலி போடச் சொல்லி நிர்வாகத்துக்கு இன்றே ஒரு மெயில் அனுப்புங்கள். பேப்பர் கப்பை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே கோப்பை வாங்குங்கள். வீட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு போங்கள்.

அடுத்த டீம் லஞ்சுக்கு மேசை முன்பதிவு செய்யும்போது, பேன்ட்ரி அக்காவையும் வாசலில் நிற்கும் அண்ணனையும் சேர்த்து எண்ணிக்கை சொல்லுங்கள். அவர்கள் பங்கை நாம் பிரித்துக்கொள்வோம். லைம் சோடாக்காரரிடம் மட்டும் இந்தத் தடவை வாங்க வேண்டாம்.